பெட்டி ஒலியைப் பெருக்குகிறதா? மாண்டலினோடு ஒரு வகுப்பு

(அறிவியல், இசை ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசை மேல் இருக்கும் கருவியைப் பார்த்துவிட்டு, "இன்றைக்குக் கச்சேரியா?" என்று உள்ளே வரும்போதே இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை. எனக்கு இதில் மூன்று பாட்டுகள்தான் தெரியும். அவற்றிலும் இரண்டு பாதியில் நின்றுவிடும். இது என் சித்தப்பா வைத்திருந்த மாண்டலின். மெல்லிசைக் குழுவில் இருந்தவர், கோயில் திருவிழா மேடைகளில் வாசித்தவர். அவருக்குப் பிறகு பல ஆண்டுகள் பரணில் கிடந்தது. ஒலி பாடம் நடத்தும்போது ரப்பர் பட்டையை இழுத்துக் காட்டுவதைவிட இது நன்றாக இருக்குமே என்று வகுப்புக்குக் கொண்டுபோக ஆரம்பித்தேன். அதனால் வந்த வினைதான் இன்றைய உரை.

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். பதினொரு ஆண்டுகள் எட்டாம் வகுப்பில் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வந்தேன்: "தந்தி அதிர்கிறது, உள்ளீடற்ற மரப்பெட்டி அந்த ஒலியைப் பெருக்குகிறது." கரும்பலகையில் எழுதுவேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் வரும், மதிப்பெண் போடுவேன். ஒரு நாள் மாண்டலினைச் சுண்டிக் காட்டிவிட்டு இதையே சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். அவள் வீட்டில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கச்சேரிகளைக் கைப்பேசியில் பார்ப்பார்களாம்.

"சார், அவர் வெச்சிருக்கிற மாண்டலின்ல ஓட்டையே இல்ல. பெட்டியும் இல்ல, பலகை மாதிரி இருக்கு. அப்புறம் எப்படி சார் சத்தம் வருது?"

"அது மின்சார மாண்டலின். ஒலிபெருக்கி பெருக்கிவிடும்," என்றேன். சரியான விடைதான். அவள் உட்காரவில்லை.

"சரி சார். ஆனா அவர் ஒரு தடவை தட்டினா அந்த நோட்டு ரொம்ப நேரம் நிக்குது. உங்களோடது டக்குனு செத்துப் போகுது. பெட்டி பெருக்குதுன்னா உங்களோடதுதானே சார் ரொம்ப நேரம் நிக்கணும்?"

மணி அடித்தது. அடித்திருக்காவிட்டால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. "நல்ல கேள்வி, நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். 'நல்ல கேள்வி' என்று நாம் எப்போது சொல்வோம் என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலை ஆய்வகத்தில் ஓர் இசைக்கவையை எடுத்து ரப்பர் கட்டையில் தட்டி, காதருகே பிடித்தேன். மெல்லிய ஒலி, வெகுநேரம் கேட்டது. மறுபடியும் அதே வலுவில் தட்டி, அதன் காம்பை மேசையில் ஊன்றினேன். அறை முழுக்கக் கேட்டது; ஆனால் சீக்கிரம் அடங்கிவிட்டது. இந்தச் சோதனையை நான் எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறேன், திணிப்பு அதிர்வு என்று பெயரும் சொல்லியிருக்கிறேன். அதன் இரண்டாம் பாதியை, சீக்கிரம் அடங்குவதை, ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. சத்தம் கூடியதும் 'பார்த்தீர்களா' என்று சொல்லிக் கவையைக் கையில் எடுத்துவிடுவேன்.

பெட்டி எதையும் பெருக்குவதில்லை. பெருக்க வேண்டுமானால் கூடுதல் ஆற்றல் வேண்டும். ஒலிபெருக்கிக்கு அது மின்சாரத்திலிருந்து வருகிறது. மரப்பெட்டிக்கு எங்கிருந்து வரும்? விரல் தந்திக்குக் கொடுத்த ஆற்றல் எவ்வளவோ அவ்வளவுதான் மொத்தக் கையிருப்பு. தந்தி மெல்லியது. தனியாக அதிர்ந்தால் காற்று அதன் இரு பக்கமும் நழுவிப் போய்விடுகிறது. பனையோலை விசிறியின் காம்பை மட்டும் வீசிப் பாருங்கள், காற்று வராது. ஓலையோடு வீசினால் வரும். மாண்டலினின் மேற்பலகைதான் அந்த ஓலை. தந்தியின் அதிர்வைக் குதிரை வழியாக வாங்கி, பரந்த பரப்பில் காற்றைத் தள்ளுகிறது. ஒலி கூடுகிறது. ஆனால் கையிருப்பு வேகமாகச் செலவாகிறது. குழாயை அகலத் திறந்தால் தண்ணீர் வேகமாக வரும், தொட்டி சீக்கிரம் காலியாகும். கொஞ்சமாகத் திறந்தால் வெகுநேரம் சொட்டும்.

மாண்டலின் செய்தவர்கள் எல்லோரும் இந்தக் குழாயைத்தான் திருகிக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம்? இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. எதை விட்டு எதைப் பிடிப்பது என்பது யார் வாசிக்கிறார்கள், எங்கே வாசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த முடிவு கருவியின் வடிவத்தில் தெரிகிறது.

முதலில் இந்தக் கருவியையே கொஞ்சம் பாருங்கள். எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு இணைகள். சுருதி கூட்டுவது வயலின் போல: கீழிருந்து 196, 294, 440, 659 ஹெர்ட்ஸ் சுமாராக. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஒன்றரை மடங்கு. சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால் ச-ப உறவு. தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். கிட்டாரில் அது 65 சென்டிமீட்டர்.

இந்த 35 என்ற எண்ணை வைத்து ஒரு கணக்கு வகுப்பே நடத்தலாம். மெட்டுகள் எங்கே வர வேண்டும்? ஒவ்வொரு மெட்டுக்கும் அதிர்வெண் 1.0595 மடங்கு கூட வேண்டும். 12 முறை பெருக்கினால் 2 வரும், அதாவது மேல் ஸ்தாயி. அப்படியானால் முதல் மெட்டு தலைப்பக்கத்திலிருந்து சுமார் 1.96 சென்டிமீட்டர், பன்னிரண்டாவது சரியாக நடுவில், 17.5 சென்டிமீட்டரில். ஏழாவது மெட்டு 11.7 சென்டிமீட்டருக்கு அருகில். அந்த ஏழாவது மெட்டில் கிடைக்கும் சுரம்தான் அடுத்த தந்தியின் திறந்த சுரம். ஆகவே ஒரு தந்தியில் ஏழு மெட்டு எட்டினால் போதும், அதற்கு மேல் அடுத்த தந்திக்குப் போய்விடலாம். சுண்டுவிரல் ஏழாவது மெட்டை எட்டுகிறதா? மாண்டலினில் எட்டும். கிட்டாரில் அதே ஏழாவது மெட்டு 21 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கும், கையை நகர்த்தாமல் எட்டாது. அதனால்தான் கிட்டாரின் பெரும்பாலான தந்திகளை இதைவிடக் குறைந்த இடைவெளியில் சுருதி கூட்டுகிறார்கள். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரைபடத்தாளில் இதைப் போட்டுப் பார்த்தார்கள். பெருக்குத் தொடர் வரிசையை விரலால் தொட்டுப் பார்த்த முதல் நாள் அது என்று கணக்காசிரியர் சொன்னார். கணிப்பான் பயன்படுத்த அனுமதித்ததற்காக என்னைக் கொஞ்சம் கோபித்தும் கொண்டார்.

எட்டுத் தந்திகள் இருப்பதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொன்றையும் இறுக்கமாகக் கட்ட வேண்டும். எட்டுத் தந்திகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமம். ஒரு பெரிய ஆள் இந்தக் கழுத்தைப் பிடித்துத் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு விசையைத் தாங்கவும் வேண்டும், மெல்லியதாக அதிரவும் வேண்டும். மேற்பலகையைத் தடிமனாக்கினால் தாங்கும், அதிராது. மெலிதாக்கினால் அதிரும், உடையும். மாண்டலின் வடிவங்களின் கதை முழுவதும் இந்த இக்கட்டுக்குள்தான் நடக்கிறது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தார் கண்ட வழி ஒன்று. அவர்கள் கருவியின் முதுகு, வீணைக் குடம்போல் உருண்டிருக்கும். ஆனால் வீணைக் குடம் மரத்தைக் குடைந்து செய்வது. இது மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து, பூசணிக் கீற்றுகள்போல் ஒன்றோடொன்று ஒட்டிச் செய்வது. மேற்பலகை தட்டையானது. ஆனால் குதிரைக்குச் சற்றுப் பின்னால் ஒரு மடிப்பு, பலகை கீழ்நோக்கிச் சாய்கிறது. இந்த மடிப்பு பலகைக்கு உறுதி தருகிறது. தந்திகளும் குதிரையின் மேல் ஏறி மறுபுறம் இறங்குவதால் குதிரையை அழுத்திப் பிடிக்கின்றன. குதிரை ஒட்டப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள், அழுத்தத்தில்தான் நிற்கிறது. எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை கையோடு வந்துவிடும். நான் ஒருமுறை அப்படிக் கழற்றிவிட்டு, திரும்ப எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு வாரம் விழித்தேன்.

1835 வாக்கில் நேப்பிள்ஸின் பஸ்குவாலே வினாச்சியா என்ற கைவினைஞர் எஃகுத் தந்திகளைத் தாங்கும்படி இந்தக் கருவியை வலுப்படுத்தினார். இணைத் தந்திகளின் மினுமினுப்பு அந்தக் கருவியின் அடையாளம். இரண்டு தந்திகள் மிகச் சரியாக ஒரே சுருதியில் நிற்பதில்லை. ஒன்று 440, மற்றது 441 என்றால் நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். விம்மல் என்று நாம் நடத்துவது இதுதான். சுரம் சீக்கிரம் அடங்குவதை ஈடுகட்ட, வாசிப்பவர்கள் மீட்டுவில்லையால் மேலும் கீழுமாக வேகமாகத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். தொட்டி காலியாகும் முன் மறுபடி மறுபடி நிரப்புகிற வேலை. 1787இல் அரங்கேறிய மோட்சார்ட்டின் 'டான் ஜியோவன்னி' இசைநாடகத்தில் நாயகன் சன்னலுக்குக் கீழே நின்று பாடும் பாட்டுக்கு மாண்டலின்தான் துணை. ஒரு சன்னல், ஒரு குரல், ஓர் இரவு. அந்த இடத்துக்கு அந்த ஒலி போதும்.

ஆனால் உருண்டை முதுகை மடியில் வைத்தால் வழுக்கும், நின்று வாசிக்கச் சிரமம். மாண்டலின் அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது, பட்டை பட்டையாகத் தெரிந்த அந்த முதுகைப் பார்த்து 'உருளைக்கிழங்கு வண்டு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தப் பூச்சியின் முதுகிலும் அதே கோடுகள்.

அங்கே மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ என்ற ஊரில் ஆர்வில் கிப்சன் என்பவர் இருந்தார். அவர் வயலினைப் பார்த்து யோசித்தார். மரத்தை வளைத்து ஒட்டுவதால் அதன் இயல்பான அதிர்வு கெடுகிறது என்பது அவர் எண்ணம். ஆகவே மேற்பலகையையும் முதுகையும் முழுக் கட்டையிலிருந்து வயலின்போல் மேடாகச் செதுக்கினார். பக்கச் சுவரைக்கூடக் கட்டையிலிருந்தே அறுத்தெடுத்தார். 1898இல் காப்புரிமை பெற்றார். 1902இல் அவர் பெயரில் நிறுவனம் தொடங்கியது. வளைத்த மரம் பற்றிய அவருடைய எண்ணம் சரிதானா என்றால், அவர் பெயர் தாங்கிய நிறுவனமே சில ஆண்டுகளில் பக்கச் சுவரை வளைத்துச் செய்யும் முறைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் மேடாகச் செதுக்கிய பலகை நிலைத்தது. காரணத்தை ஒரு தாளை வைத்துக் காட்டிவிடலாம். இரண்டு புத்தகங்களுக்கு நடுவே ஒரு தாளைத் தட்டையாக வையுங்கள், ஒரு சாக்பீஸ் வைத்தாலே தொய்யும். அதே தாளை வில்போல் வளைத்து, இரு ஓரங்களும் புத்தகங்களில் முட்டும்படி நிறுத்துங்கள், சாக்பீஸைத் தாங்கும். தடிமன் கூடவில்லை, வடிவம்தான் மாறியது. முட்டை ஓடும் பாலத்தின் வளைவும் இதே உபாயம்தான்.

கிப்சன் நிறுவனத்தில் இரண்டு வடிவங்கள் உருவாயின. ஒன்று கண்ணீர்த்துளி வடிவம், அதை 'ஏ' வகை என்பார்கள். மற்றொன்று தோளில் சங்குபோல் ஒரு சுருளும், ஓரத்தில் கூர்முனைகளும் உள்ள 'எஃப்' வகை. படங்களில் நீங்கள் அதிகம் பார்த்திருப்பது இந்தச் சுருள் வைத்ததாக இருக்கும். விலை அதற்குத்தான் அதிகம், செதுக்கும் உழைப்பு அப்படி. ஒலிக்கு அந்தச் சுருள் என்ன செய்கிறது? ஒன்றும் பெரிதாக இல்லை. மற்ற அளவுகள் ஒன்றாக இருந்தால் ஏ வகைக்கும் எஃப் வகைக்கும் ஒலி வேறுபாடு மிகச் சிறியது என்பதே செய்பவர்களில் பெரும்பாலோர் கருத்து. கூர்முனை மட்டும் உட்கார்ந்து வாசிக்கும்போது தொடையில் நிற்க உதவும். மாணவர்களிடம் இரண்டு படங்களையும் காட்டி, எது நன்றாக ஒலிக்கும் என்று கேளுங்கள். எல்லோரும் சுருளையே காட்டுவார்கள். 'எப்படி முடிவு செய்தாய்?' என்ற அடுத்த கேள்வியில்தான் அறிவியல் தொடங்குகிறது.

சுருளைவிட முக்கியமானது துளை. முட்டை வடிவத் துளை பலகையின் நடுவில் இருக்கும். வயலினில் உள்ளதுபோல் ஆங்கில 'எஃப்' எழுத்தின் வடிவில் இரண்டு துளைகள் என்றால் அவை ஓரங்களில் இருக்கும். நடுவில் துளை இருந்தால் பலகையின் நடுப்பகுதி அதிரக் கிடைக்காது, அதன் அடியில் குறுக்குச் சட்டமும் தேவைப்படும். துளைகள் ஓரத்துக்குப் போனால் நடுப்பகுதி முழுவதும் குதிரைக்குக் கிடைக்கிறது. உள்ளிருக்கும் காற்றும் சும்மா இருப்பதில்லை. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுரம் வருகிறதே, அதுபோல் ஒவ்வொரு பெட்டியின் காற்றுக்கும் ஓர் இயல் அதிர்வெண் உண்டு. பெட்டி பெரிதானால் அது தாழும், வாய் அகலமானால் உயரும். இரண்டு பாட்டில்களும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் ஒத்ததிர்வுக்கு வேறு கருவியே வேண்டாம். முட்டைத் துளை மாண்டலினை வாசிப்பவர்கள் அதன் ஒலி உருண்டையானது, இனிமையானது, சற்று நீள்வது என்பார்கள். எஃப் துளையை வறண்டது, கூர்மையானது, கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு போவது என்பார்கள்.

அந்த எஃப் துளையை கிப்சன் மாண்டலினுக்குக் கொண்டுவந்தவர் லாயிட் லோர். 1919 முதல் 1924 வரை கிப்சன் நிறுவனத்தில் இருந்தார். 1922இல் வெளிவந்த எஃப்-5 மாண்டலினில் அவர் கைவண்ணம் தெரியும். கழுத்து பெட்டியோடு சேரும் இடத்தைப் பதினைந்தாவது மெட்டுக்குத் தள்ளினார். மேல் சுரங்களுக்குக் கை எளிதாகப் போயிற்று. அதனால் குதிரையும் பலகையின் நடுப்பகுதிக்கு நகர்ந்தது. பலகையின் அடியில் இரு நீளச் சட்டங்கள். இன்று உலகமெங்கும் மாண்டலின் செய்பவர்கள் நகலெடுப்பது இதைத்தான். ஆனால் அன்று அது விற்கவில்லை. ஊருக்கு ஊர் மாண்டலின் குழுக்கள் இருந்த காலம் முடிந்து, மக்கள் வேறு வாத்தியங்களுக்குப் போய்விட்டார்கள். லோர் கையொப்பமிட்ட கருவிகள் சில நூறுதான்.

அவற்றில் 1923 ஜூலை 9 என்று தேதியிட்ட ஒன்று, இருபது ஆண்டுகள் கழித்து, புளோரிடா மாநிலத்தில் ஒரு முடிதிருத்தும் கடையில் விற்பனைக்கு இருந்தது. அதை வாங்கியவர் பில் மன்றோ. புளூகிராஸ் என்ற இசை வகையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அந்தக் குழுவில் பறை வகை வாத்தியம் எதுவும் கிடையாது. தாளத்தை யார் காப்பது? மன்றோ மாண்டலினில் இணை சுரங்களை ஒருசேரத் தட்டி, உடனே இடக்கை விரல்களைத் தளர்த்தி ஒலியை அடக்கிவிடுவார். 'டக்' என்று ஒரு வெட்டு. அடிக்கு அடி நடுவே விழும் அந்த வெட்டுதான் அந்த இசைக்குக் கஞ்சிரா மாதிரி. சீக்கிரம் அடங்கும் ஒலியை இவ்வளவு நேரம் குறையென்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? மன்றோவுக்கு அதுதான் தேவையாக இருந்தது. குழாயை முழுக்கத் திறந்து, தொட்டியை ஒரே நொடியில் கொட்டும் கருவி.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அவள் கேட்டது ஸ்ரீநிவாஸ் பற்றி.

உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்தவர். தந்தை சத்யநாராயணா கிளாரினெட் வாசிப்பவர், வீட்டில் மாண்டலின் இருந்தது. ஆறு வயதுவாக்கில் பையன் அதை எடுத்துக்கொண்டான். கர்நாடக சங்கீதத்துக்கு மாண்டலின் எவ்வளவு பொருந்தாதது என்று யோசித்துப் பாருங்கள். நம் இசையில் சுரம் ஒரு புள்ளியில் நிற்காது, அசையும், வழுக்கும், பக்கத்துச் சுரத்தைத் தொட்டு வரும். கமகம் இல்லாத தோடி தோடியே அல்ல. மாண்டலினிலோ மெட்டுகள். படிக்கட்டில் ஏறுவதுபோல் ஒவ்வொன்றாகத்தான் ஏற முடியும்.

வீணையிலும் மெட்டுகள் உண்டே என்று இசை ஆசிரியர் தலையசைப்பது தெரிகிறது. உண்டு. ஆனால் வீணையின் தந்தி நீளமானது, தளர்வானது, ஒற்றையானது. மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்தால் இழுவிசை கூடி, சுரம் மேலே ஏறும். மாண்டலினில் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றாக இரண்டு தந்திகள். இழுத்தால் இரண்டும் ஒரே அளவு இழுபடாது. ஒன்று ஒரு சுரம் சொல்லும், மற்றது வேறொன்று சொல்லும். அப்படியே இழுத்தாலும், நீட்டி முடிப்பதற்குள் ஒலி செத்துவிடும். என் மாண்டலினில் காட்டுகிறேன், கேளுங்கள். ... கேட்டீர்களா? பூனைகள் சண்டை போடுவதுபோல் இருக்கிறது. என் விரலை மட்டும் குறை சொல்லாதீர்கள், இந்தக் கருவியின் அமைப்பே அப்படி.

ஸ்ரீநிவாஸ் வாசித்தது நான்கு இணைகள் இல்லாத, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மாண்டலின். ஒற்றைத் தந்தி என்றால் இழுக்கலாம், வழுக்கலாம். ஐந்தாவது தந்தி கீழ் சுரங்களுக்கு இடம் தந்தது. பெட்டி இல்லாத கட்டை உடல் என்பதால் தந்தியின் ஆற்றல் மரத்துக்குள் சீக்கிரம் போய்விடுவதில்லை, தந்தியிலேயே வெகுநேரம் நிற்கிறது. ஒரு மீட்டலில் ஒரு நீண்ட கமகத்தை முடிக்கலாம். ஒலி மெலிதாக இருக்குமே? இருக்கும். அதற்குத்தான் தந்திக்கு அடியில் பிக்கப். காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும். எஃகுத் தந்தி அசையும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. மின்காந்தத் தூண்டலுக்கு நான் இதுவரை சைக்கிள் டைனமோவைத்தான் சொல்லி வந்தேன், இன்றைய பிள்ளைகள் பலர் டைனமோவைப் பார்த்ததே இல்லை. அந்த மின்னோட்டத்தை ஒலிபெருக்கி பெருக்குகிறது. இந்த இடத்தில் 'பெருக்குகிறது' என்ற சொல் சரி. குழாயைச் சொட்டாகத் திறந்துவைத்து, சொட்டும் ஒலியை மின்சாரத்தால் பெரிதாக்கினார்கள். உரக்கவும் நீளமாகவும் ஒருசேரக் கிடைக்காது என்று தொடக்கத்தில் சொன்னேனே, மரத்தால் முடியாத அதை வெளியிலிருந்து வந்த ஆற்றல் செய்து கொடுத்தது.

இதோடு வயலினை ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் காலத்தில் அது கர்நாடக இசைக்குள் வந்தது. உட்கார்ந்து, தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கும் முறை வந்தது, சுருதி கூட்டும் முறை மாறியது. ஆனால் கருவி மாறவில்லை. மாற வேண்டிய தேவை இல்லை, வயலினில் மெட்டு கிடையாது, வில் இழுக்கும்வரை ஒலி நிற்கும். மாண்டலின் அப்படியே உள்ளே வந்திருக்க முடியாது. ஸ்ரீநிவாஸ் சிறுவனாகச் சென்னை மேடைகளுக்கு வந்தபோது இது கர்நாடக இசைக்கு ஆகுமா என்று தயங்கியவர்கள் இருந்தார்கள். எட்டுத் தந்தி மாண்டலினை மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தயக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1998இல் பத்மஸ்ரீ, 2014 செப்டம்பரில், 45 வயதில் சென்னையில் காலமானார்.

அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் கேட்டு அதைத் தந்தியில் தேடி எடுப்பான். விரலை இங்கே வை என்று சொல்ல ஆள் இல்லை. மாண்டலின் தெரிந்த ஒருவர் கற்றுக்கொடுத்திருந்தால் மாண்டலினில் எது முடியாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான், பாட்டு ஆசிரியர்கள் மறுக்கலாம்.

மறுநாள் வகுப்பில் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பழைய வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, 'பெருக்குகிறது' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டேன். "இது தவறு. நேற்றுவரை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்," என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆசிரியர் தவறு என்று சொன்னால் யாருக்கோ அடி விழப்போகிறது என்று நினைத்தார்களோ என்னவோ. பிறகு இசைக்கவைகளைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன், சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளை வைத்து அளக்கச் சொன்னேன். காற்றில் எத்தனை நொடி, மேசையில் எத்தனை, அட்டைப்பெட்டியின் மேல் எத்தனை, மூட்டையாகக் கட்டிய துணியின் மேல் எத்தனை? குழுக்களின் எண்கள் ஒத்துப்போகவில்லை. ஒரே வலுவில் தட்டவில்லை, ஒவ்வொரு காதும் வேறு. ஆனால் மேசை எப்போதும் காற்றைவிடக் குறைவாகவே வந்தது. ஒரு பையன் துணியைப் பார்த்து, "சார், இதுல சத்தமும் வரல, சீக்கிரமும் நின்னுடுச்சு. ஆற்றல் எங்க போச்சு?" என்றான். வெப்பமாகப் போயிற்று என்பதற்கு அந்த ஒரு கேள்வி போதுமான முன்னுரை. பழைய விடையை எழுதித் தேறிப்போன பதினொரு ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் எங்கே போய்த் திருத்தம் சொல்வது என்பது மட்டும் தெரியவில்லை. இந்த அறையில் இருக்கும் இளம் ஆசிரியர்களில் ஒருவர் என் மாணவர். அவரிடம் காலையில் தேநீர் இடைவேளையில் சொல்லிவிட்டேன்.

கேள்வி கேட்ட மாணவி அந்த வாரமே இன்னொன்றும் கேட்டாள். இணைத் தந்திகளில் ஒன்றைக் கழற்றிவிட்டால் என் மாண்டலினிலும் கமகம் வருமா என்று. கழற்றிப் பார்த்தோம். இழுக்க முடிந்தது, பூனைச் சண்டை நின்றது. ஆனால் ஒலி பாதியில் அடங்குவது அடங்கிக்கொண்டேதான் இருந்தது. "அப்போ பெட்டிதான் சார் காரணம்," என்றாள். கழற்றிய நான்கு தந்திகளையும் திரும்ப மாட்ட எனக்கு ஒரு மாலை முழுக்க ஆயிற்று.

நேரம் ஆகிவிட்டது. மாண்டலின் மேசை மேலேயே இருக்கும், உணவு இடைவேளையில் யார் வேண்டுமானாலும் சுண்டிப் பார்க்கலாம். குதிரையை மட்டும் நகர்த்தாதீர்கள். பக்கத்தில் உள்ள இசைக்கவைகள் எங்கள் பள்ளி இருப்புப் பதிவேட்டில் உள்ளவை, மொத்தம் ஆறு. மாலையில் எண்ணித்தான் எடுத்துப் போவேன்.